கணக்கில் வராத தூசி

மரத்தளபாட வியாபாரம் செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பலகை என்ன விலை, சீலரும் தின்னரும் போன மாதத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, மொரட்டுவையிலிருந்து பதுளைக்கு லொறிக் கூலி எவ்வளவு என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். மரத்தூளைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். மாலையில் கூட்டி அள்ளி, கோழிக் கூட்டுக்கோ அடுப்புக்கோ அனுப்புகிற சாமானுக்கு என்ன கணக்கு? வாள் வெட்டிய தூளுக்கு அந்தச் சிரிப்புப் பொருந்தும். சாண்டர் மெஷின் கிளப்பும் தூளுக்குப் பொருந்தாது. இவ்வாரம் அதைப் பற்றித்தான் எழுத எண்ணினேன்.

ஊவாவில் இந்தத் தொழில் பெரிய தொழிற்சாலைகளில் நடப்பதைவிட வீடுகளில் நடப்பதே அதிகம். ஹாலி-எல, வெலிமடை, குருத்தலாவை, பசறை, லுணுகலை என்று எந்தப் பக்கம் போனாலும், வீட்டுச் சுவரோடு சாய்த்துப் போட்ட ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு பாஸ், கூடமாட ஒரு பையன் என்பதுதான் பட்டறை. தோட்டங்களில் நிழலுக்காக வைத்து வளர்ந்த சவுக்கு, அல்பீசியா, மலைச்சரிவுகளில் நிற்கும் யூகலிப்டஸ், தூனா, பலா, மஹோகனி, மொனராகலைப் பக்கமிருந்து வரும் தேக்கு என்று கையில் கிடைக்கும் மரத்தில் கட்டிலும் அலுமாரியும் கதவும் யன்னலும் செய்கிறார்கள். எல்லப் பக்கம் சுற்றுலா விடுதிகள் பெருகிய பிறகு கட்டில், மேசை, கதிரைக்குப் புதிய வாடிக்கையும் கிடைத்தது. நம்மவர்களில் பலர் இந்த வீட்டுப் பட்டறைகளுக்கு முற்பணம் கொடுத்துச் சாமான் எடுத்து, நகரத்தில் கடை வைத்து விற்கிறார்கள். இந்தக் கட்டுரை பட்டறைக்காரருக்கு எவ்வளவு உரியதோ, அந்தக் கடைக்காரருக்கும் அவ்வளவு உரியது.

அப்படியான ஒரு பட்டறையில் நின்று தூசியைப் பற்றிக் கதை கொடுத்தபோது பாஸ் சொன்ன பதில் இது:

"என்ன நானா, இந்தத் தூளாலயா ஆள் விழப்போறான்? எங்கட வாப்பா நாப்பது வருஷம் சீவுளி புடிச்சவர். ஒண்டும் ஆகல்லயே!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாப்பா பிடித்தது சீவுளி என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. சீவுளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவும். அந்தச் சுருள் காலடியில் விழும், மூக்குக்குள் போகாது. அந்தக் காலத்து ஓடாவிகள் மேசை முகத்தைக் கடைசியாக மினுக்குவதற்கு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதையும் நான் கண்டிருக்கிறேன். அதிலும் மெல்லிய செதிள்தான் வரும். கையால் சாண்ட்பேப்பர் தேய்க்கும்போது தூசி எழும்பும். ஆனாலும் கை களைத்து நின்றுவிடும். மின்சாரச் சாண்டர் களைப்பதில்லை. ஒரு நிமிடத்தில் பல ஆயிரம் தடவை சுழன்று, மரத்தைத் தூளாக்கி, அந்தத் தூளை வேகத்தோடு காற்றில் வீசுகிறது. மகன் கையில் இருக்கும் கருவி வேறு, அதனால் அவர் சுவாசிக்கும் தூசியும் வேறு. கொட்டகை மட்டும் வாப்பாவுடைய அதே கொட்டகை.

ஒரு சிட்டிகை எவ்வளவு?

மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். 10 மைக்ரோனுக்குக் குறைந்த துகளை மூக்கும் தொண்டையும் முழுமையாகத் தடுக்க மாட்டா. இன்னும் சிறியவை நுரையீரலின் அடிவரை இறங்கும். சாண்டரில் நுண்ணிய பேப்பர் போட்டுத் தேய்க்கும்போது இந்த அளவுத் துகள்கள் ஏராளமாகக் கிளம்புகின்றன. யன்னலால் விழும் வெயில் கீற்றில் மினுங்கினால்தான் அவை இருப்பதே தெரியும்.

அவை கீழே விழவும் நேரம் எடுக்கும். அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர 10 மைக்ரோன் துகளுக்குப் பத்து நிமிடமளவில் போதும். 1 மைக்ரோன் துகளுக்கு ஒரு பகற்பொழுதே போகும். மெஷினை நிறுத்திவிட்டு, முகத்துணியைக் கழற்றி, அதே இடத்தில் குந்தித் தேநீர் குடிப்பவர் தான் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கிறார். தூசி இன்னும் முடிக்கவில்லை.

எவ்வளவு இருந்தால் கூடுதல் என்று கேட்கலாம். பிரித்தானியாவில் வன்மரத் தூசிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை, எட்டு மணி நேர வேலைச் சராசரியில், ஒரு கனமீற்றர் காற்றுக்கு 3 மில்லிகிராம். 2020 வரை அது 5 ஆக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் 2 மில்லிகிராம். இதை நம் கொட்டகைக்குக் கணக்குப் பார்த்தேன். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் உள்ளே 30 கனமீற்றருக்குச் சற்று அதிகமான காற்று. 3 மில்லிகிராம் வீதம் பெருக்கினால் 92 மில்லிகிராம் வருகிறது. ஒரு கிராமில் பத்திலொரு பங்குகூட இல்லை. கறிக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்பு இதைப்போல் மூன்று மடங்காவது இருக்கும். ஒரு கட்டில் தலைப்பலகையைத் தேய்த்து முடித்தால் எத்தனை சிட்டிகை தூள் எழும்புகிறது என்று பட்டறைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தேயிலைத் தூசி தந்த பாடம்

தூசியால் வருத்தம் வரும் என்பது நம் மலைநாட்டுக்குப் புதிய செய்தியல்ல. தேயிலை ஸ்டோரில் சலிக்கும் பகுதியில் பஞ்சுபோல் மிதக்கும் தேயிலைத் தூசியைத் தோட்டத்தவர் எல்லோரும் அறிவர். அந்தத் தூசியால் டீ மேக்கருக்கு வரும் முட்டு வருத்தத்தைப் பற்றி, நமது நாட்டின் நெஞ்சுநோய் நிபுணர் டொக்டர் சி.ஜி. ஊரகொட 1970இல் பிரித்தானியத் தொழில் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அது 'டீ மேக்கர்ஸ் அஸ்மா' என்ற பெயராலேயே மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. கொழுந்து நஞ்சல்ல. மரமும் நஞ்சல்ல. நாளும் பொழுதும் நுண்தூளாக உள்ளே போகும்போது சிலருடைய உடல் அதை எதிரியாகக் கொள்கிறது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், பிறகு சிறிதளவு தூசியே இழுப்பை எழுப்பப் போதும்.

எல்லா மரமும் ஒன்றல்ல. தேக்கும் மஹோகனியும் தோலையும் மூக்கையும் அரிக்கும் என்பது உலகெங்கும் பதிவான விடயம். நமது முதிரை மரத்தின் தூளால் கைகளிலும் முகத்திலும் கிரந்தி கிளம்புவதை ஆங்கிலேயக் கப்பல் கட்டும் தளங்களில் நூறு வருடங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். எம்.டி.எஃப் பலகை வேறு ரகம். அதன் தூள் மாப்போல் நுண்ணியது, ஃபோர்மல்டிஹைட் பசையும் அதில் கலந்திருக்கிறது.

புற்றுநோய் என்ற சொல்லைப் பயமுறுத்துவதற்காக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் மறைப்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் கதிரை செய்வதற்குப் பேர்போன இடம். அந்தப் பகுதித் தளபாடத் தொழிலாளரிடையே மிக அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் வழமைக்கு மாறாகக் காணப்படுவதை 1960களில் வைத்தியர்கள் கவனித்தார்கள். 1968இல் அது பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. அரிதான நோய்தான். நம் பட்டறைகளில் தினமும் காண்பது அதுவல்ல. மாறாத தடிமன், காலையில் கறுத்த சளி, இரவில் இருமல், வேலைக்கு வராத நாட்கள் என்பவையே. வீட்டுப் பட்டறையில் இன்னொரு விடயமும் உண்டு. கொட்டகையையும் குசினியையும் பிரிப்பது பல வீடுகளில் ஒரு சீலைத் திரை மட்டுமே. சம்பளம் வாங்குபவர் ஒருவர், தூசி வாங்குபவர்கள் ஐந்து பேர்.

பிடிக்கவேண்டிய இடம்

கிளம்பிய தூசியைத் துரத்துவதைவிடக் கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது இலகு. இது எல்லா நாட்டிலும் ஒத்துக்கொண்ட முறை. சாண்டரின் அடியில் உள்ள ஓட்டைகள் இதற்காகவே இருக்கின்றன. 5 அங்குல வட்டச் சாண்டரில் பெரும்பாலும் எட்டு ஓட்டைகள் இருக்கும். பேப்பரின் ஓட்டையும் மெஷினின் ஓட்டையும் நேராகப் பொருந்தினால்தான் தூள் உள்ளே இழுபடும். ஓட்டையில்லாத மலிவான பேப்பரை ஒட்டிவிட்டு "இந்த மெஷின் இழுக்கவில்லை" என்று குறை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். மெஷினோடு வரும் சிறிய துணிப்பை பெரிய தூளை வைத்துக்கொண்டு, நுண்தூளைத் துணியின் ஊடாக வெளியே விட்டுவிடும். பையைக் கழற்றி, அந்த வாயில் வெக்கியூம் கிளீனரின் குழாயைப் பொருத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாய்ப்பொருத்தம் சரியாக இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூப் துண்டொன்று போதும்.

சாதாரண வெக்கியூமிலும் ஒரு குறை உண்டு. அதன் பையையும் தாண்டி நுண்தூள் பின்பக்கத்தால் வெளியே வரும். ஹெப்பா எனும் நுண்வடிகட்டி உள்ள இயந்திரம் 0.3 மைக்ரோன் துகளிலும் 10,000க்கு 9,997ஐப் பிடிக்கும். விலையும் அதற்கேற்றபடி. அது முடியாதவர்கள் வெக்கியூமையே கொட்டகைக்கு வெளியே, மழை படாத தாழ்வாரத்தில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே எடுக்கலாம். சத்தமும் குறையும். பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

வெக்கியூமின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் இழுவை செத்துவிடும். அதற்கும் நம்மிடம் வைத்தியம் இருக்கிறது. இறுக்கமான மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளியொன்றை எடுத்து, சாண்டரிலிருந்து வரும் குழாயைப் பக்கச் சுவரை ஒட்டிச் சுழன்று நுழையும்படி மேற்பகுதியில் பொருத்துங்கள். மூடியின் நடுவிலிருந்து இன்னொரு குழாயை வெக்கியூமுக்கு எடுங்கள். காற்று உள்ளே சுழலும்போது தூளில் பெரும்பங்கு வாளியின் அடியில் தங்கிவிடும். பெரிய மர ஆலைகளின் கூரையில் நிற்கும் புனல் வடிவத் தகரக் கூண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் குழாயில் தூள் ஓடும்போது கையில் சுளீரென்று மின்சாரம் அடிக்கலாம். குழாய் நெடுகிலும் ஒரு வெற்றுக் கம்பியைச் சுற்றி நிலத்தோடு இணைத்தால் அது குறையும்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான். 1,200 வொட் வெக்கியூம் நாளுக்கு ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 30 யூனிட். வீட்டு மீற்றரில் அது உங்களை மேல்படிக் கட்டணத்துக்குத் தள்ளக்கூடும், பில்லைப் பார்த்து முடிவெடுங்கள். சாண்டரும் வெக்கியூமும் சேர்ந்தால் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் பிளக்கில் இரண்டையும் மாட்டவேண்டாம்.

இதற்கு எதிரே வரவும் இருக்கிறது. தூள் உடனே இழுபடுவதால் பேப்பர் அடைக்காமல் கூடுதலான நாள் உழைக்கும். மெஷினின் பெயாரிங்கும் அப்படியே. வார்னிஷ் காயும்போது மேலே விழுந்து மணல்போல் ஒட்டும் தூசியால் எத்தனை மேசை முகங்கள் திரும்பத் தேய்க்கப்படுகின்றன என்று பட்டறைக்காரர் ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்க்கட்டும்.

காற்றும் மழையும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று வீசும். தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்த வறண்ட காற்றில்தான். அப்போது வெளியில் வைத்துத் தேய்ப்பது நல்லதே. ஆனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். உடம்பைச் சுற்றி வரும் காற்று நெஞ்சுக்கு முன்னால் சுழன்று தூசியை முகத்துக்கே கொண்டுவரும். காற்றுப் பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள்.

சிக்கல் ஒக்டோபருக்குப் பின்னர் வருகிறது. தீபாவளி ஓடர்கள் குவியும் நேரத்திலேயே மழையும் குளிரும் தொடங்கும். கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சாக்குப் போட்டு, இரவு பத்து மணி வரை சாண்டர் ஓடும். வருடத்தில் மிக அதிகமான தூசியை நமது பாஸ்மார் சுவாசிப்பது இந்த மாதங்களில்தான் என்பது என் எண்ணம். இதற்கு ஓர் எக்ஸோஸ்ட் ஃபேன் வேண்டும், அதுவும் சரியான இடத்தில். கூரை மூலையில் உயரத்தில் மாட்டினால் தூசி மூக்கைக் கடந்துதான் மேலே போகும். வேலை மேசையின் உயரத்தில், ஆளுக்கு எதிரிலுள்ள சுவரில் மாட்டி, காற்று உள்ளே வர வேறொரு பக்கத்தில் தாழ்வாரத்தின் கீழ் வழி விடுங்கள். வழி விடாமல் ஃபேன் மட்டும் போட்டால் அது சுற்றும், காற்று நகராது.

கொம்பிரஷர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் மேசையையும் சேர்ட்டையும் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விடுங்கள். நாள் முழுக்கப் படிந்த நுண்தூளை ஒரு நிமிடத்தில் மூக்குக்கு ஏற்றும் வழி அது. ஈரத்துணி போதும். வேலை உடுப்பைக் கொட்டகையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

முகக்கவசமும் தாடியும்

கொவிட் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் பற்றி அறிந்துகொண்டோம். சீலைத் துண்டும் நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசமும் நுண்தூசிக்குப் போதாது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி2 என்று அச்சிட்டது வேண்டும். அது முகத்தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஓரத்தால் நுழையும். தாடி வைத்திருப்பவருக்கு எந்த இறுக்கமான கவசமும் முழுப் பயன் தராது. தாடியை எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. பற்றரியில் காற்றை வடித்து உள்ளே ஊதும் தலைமூடி வகைக் கவசம் தாடிக்காரருக்கும் பொருந்தும், ஆனால் அதன் விலை வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நம்மவர்கள் பலருக்குக் கவசத்தைவிட வெக்கியூம் குழாயே முதல் பாதுகாப்பு.

பழைய தோட்டத்து பங்களாக் கதவுகளையும் யன்னல்களையும் வாங்கிப் புதுப்பித்து விற்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருந்தது. நம் நாட்டில் பெயின்ற்றின் ஈயத்துக்கு எல்லை நடைமுறைக்கு வந்ததே 2013 ஜனவரியில்தான். பழைய பெயின்ற்றின் மேல் சாண்டரை ஓடவிட்டால் ஈயம் தூசியாகி வீட்டுத் தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை வாய்க்குப் போகும், மூளை வளர்ச்சிக்கே அது கேடு. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அகற்றுங்கள். அந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்யாமலிருப்பது இன்னும் நல்லது.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. தேய்க்கும்போது சாண்டர் ஆணியில் பட்டால் பொறி பறந்து பைக்குள் போகும், அது உள்ளே கனன்றுகொண்டிருந்து இரவில் எரியலாம். மாலையில் பையை வெறுமையாக்குங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். இங்கிலாந்தின் பொஸ்லி என்ற ஊரில் 2015 ஜூலையில் மரத்தூள் ஆலை ஒன்று வெடித்து நால்வர் இறந்தார்கள். நம் கொட்டகை அந்த அளவு பெரிதல்ல, ஆனால் வளையில் அங்குலக் கணக்கில் தூசி தொங்க விடுவதற்கு அது நியாயமாகாது.

சட்டமும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீங்கான தூசியை வேலையாள் சுவாசிக்காதபடி பார்ப்பதை உடைமையாளரின் பொறுப்பாக்குகிறது. ஆனால் வீட்டுக் கொட்டகையை நாடி எந்த உத்தியோகத்தரும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே தவறாமல் வருகிற ஒரே வெளியாள் சாமான் எடுக்கப் போகும் கடைக்காரர்தான்.

அதனால் கடைக்கார முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறேன். "கண்ணாடிபோல் மினுங்க வேண்டும்" என்று பாஸிடம் சொல்பவர் நீங்கள். அந்த மினுக்கத்துக்காகத்தான் அவர் ஒரே பலகையை மூன்று தரம் பேப்பரில் தேய்க்கிறார். விலை பேசும்போது அந்தத் தூசிக்கு நீங்கள் எதுவும் கொடுப்பதில்லை. அடுத்த தடவை முற்பணம் கொடுக்கும்போது அதில் ஒரு பகுதியை வெக்கியூமாகவும் எட்டு ஓட்டைப் பேப்பர் பெட்டியாகவும் கொடுத்துப் பாருங்கள். பெறுமதியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு, மீதியைப் பத்துக் கட்டில்களில் சிறிது சிறிதாகக் கழிக்கலாம். பண்டாரவளைப் பக்கம் ஒருவர் இப்படிச் செய்கிறார். மெஷின் தன் பெயரில் இருப்பதால் பாஸ் வேறு கடைக்கு மாறவில்லை என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.